பி.எஸ்சி. நர்சிங் முடித்தாயிற்று, அடுத்து? கேள்வி பதில்

ஐசியூவில் 19 வருடம் நின்றவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அக்கா, எய்ம்ஸ் நார்செட்டா, எம்ஆர்பியா?
இரண்டையும் எழுதும்மா. நார்செட் எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான தேர்வு, எம்ஆர்பி தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் வாரியம். நார்செட்டுக்கு பி.எஸ்சி. படித்தவர்களிடம் அனுபவம் கேட்பதில்லை. டிப்ளமோ என்றால்தான் 50 படுக்கை மருத்துவமனையில் 2 வருடம் கேட்பார்கள். அடிப்படைச் சம்பளம் மாதம் 44,900. எம்ஆர்பியில் முதலில் தொகுப்பூதியம்தான், நிரந்தரம் ஆக வருடங்கள் பிடிக்கும். நர்சிங் கவுன்சில் பதிவை மட்டும் தள்ளிப்போடாதே.

ஜெர்மனிக்கு ஏஜென்ட் 4 லட்சமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறார்.
இரண்டையும் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனில் முதலில் விசாரியுங்கள். நான் முதலில் சேர்ந்த மருத்துவமனை என் ஒரிஜினலை இரண்டு வருடம் பூட்டி வைத்தது. நல்ல வேலை ஒன்று கைவிட்டுப் போனது.

எம்பிபிஎஸ்ஸில் லேட்டரல் என்ட்ரி, அதாவது நேராக இரண்டாம் வருடத்தில் சேர்வது, உண்டா?
கிடையாது. நீட் எழுத வேண்டும்.

வார்டு வேலை வீண். நான் மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றும் வேலை) போய்விட்டேன், நைட் டியூட்டி இல்லை.
போனது உங்கள் விருப்பம் தம்பி. வீண் என்று சொல்லாதீர்கள். ஒருநாள் இரவு 2 மணி. செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) நோயாளி, மானிட்டரில் பிபி சரியாகத்தான் இருந்தது. யூரின் பேக் மட்டும் இரண்டு மணி நேரமாக ஏறவில்லை, கால் விரல்கள் ஜில்லென்று இருந்தன. சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண்தான் கவனித்தாள். டாக்டரை எழுப்பினோம். அரை மணியில் பிபி விழுந்தபோது மருந்து தயாராக இருந்தது.

அதே தம்பி: அந்தப் பெண்ணுக்கு என்ன சம்பளம்?
12,000. அதில் நான் உங்கள் பக்கம்தான். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு 2016-லேயே சொன்னது: 50 படுக்கைக்குக் கீழே உள்ள இடத்தில்கூட 20,000க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். அதைக் கேட்டுப் போராட வேண்டும். படுக்கையருகே நிற்கும் வேலையைக் குறைத்துப் பேசக் கூடாது.

எம்.எஸ்சி. சேரலாமா?
கற்பிக்க ஆசை இருந்தால் சேருங்கள். நோயாளி பக்கமே இருக்க வேண்டுமென்றால் கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைப் பாருங்கள். 2 வருடம், பெரும்பகுதி வார்டிலேயே. இரண்டுக்கும் ஒரு வருட அனுபவம் வேண்டும்.

வளைகுடா ஏஜென்ட் ஒரிஜினல் கேட்கிறார், கொடுக்கலாமா?
மேலே சொன்னதுதான். கொடுக்காதீர்கள்.

யுகே போக, அக்கா?
ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் 7, ரைட்டிங் மட்டும் 6.5 போதும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஈடி எழுதினாலும் ஏற்பார்கள். அப்புறம் சிபிடி என்ற கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. ஒரிஜினல் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.