கைக்குத் தெரியும் சொற்கள்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. பார்வை மிகக் குறைவு, செவித்திறனும் குறைவு. காதுக் கருவி அணிகிறான். பிளாஸ்டிக் பழம், பொம்மைக் கார் என்று கையில் கொடுத்துப் பெயர் சொல்கிறோம். எதுவும் பதியவில்லை. என்ன செய்வது?

பதில்: பொம்மைகளை ஒதுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் வாழைப்பழம் கண்ணுக்குத்தான் வாழைப்பழம். கைக்கு அதில் வாசமும் இல்லை, உரிக்கத் தோலும் இல்லை. காரில் உங்கள் மகனின் கை அறிவது சீட் பெல்ட்டை. அதே மாதிரிப் பட்டையில் ஒரு துண்டுதான் 'கார்' என்று சொல்லிக் கையில் கொடுக்கச் சரியான பொருள்.

அன்றாடம் நடக்கும் மூன்று காரியங்கள் போதும். குளியலுக்குப் பீர்க்கங்காய் நார், சாப்பாட்டுக்கு அவனுடைய ஸ்பூன், காருக்குப் பட்டை. மூன்றும் கைக்கு வெவ்வேறாகத் தெரிய வேண்டும். குளியலுக்கு மக், சாப்பாட்டுக்கு டம்ளர் என்று ஒரே மாதிரி இருப்பவற்றை வைத்தால் குழம்புவான்.

குளிக்கப் போகும் நேரத்தில் நாரைக் கொடுங்கள், அரை மணி முன்னால் அல்ல. அவன் கையைப் பிடித்து அதன்மேல் அழுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை கையை நீட்டவே மாட்டான். நாரை நீங்கள் தடவுங்கள், அவன் கை உங்கள் கைமேல் இருக்கட்டும். மெல்ல உங்கள் விரல்களை விலக்கினால் அவன் விரல்கள் தானாக நாருக்கு வரும். கருவி அணிந்த காதருகே "குளியல்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பத்து வினாடியாவது பேசாமல் இருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம்! ஆனால் சொல்லிக்கொண்டே போனால் அவன் யோசிக்க இடமில்லை. (குளியலறையில் கருவியைக் கழற்றிவிடுவீர்கள், அதனால் வெளியிலேயே சொல்லிவிடுங்கள்.) நாரால் தேய்த்துக் குளித்து முடித்ததும் இருவருமாக அதை ஒரு 'முடிந்தது' கூடையில் போடுங்கள்.

அம்மா "குளியல்", பாட்டி "குளிக்கலாமா", அப்பா "பாத்" என்றால் அவனுக்கு அவை மூன்று சொற்கள். வீட்டில் பேசி ஒன்றை முடிவு செய்யுங்கள். "இது என்ன?" என்று சோதிக்கவும் வேண்டாம். ஸ்பூனைத் தொட்டதும் வாயைத் திறந்தாலோ, சாப்பிடும் இடத்துக்கு நகர்ந்தாலோ சொல் பதிந்துவிட்டது என்று பொருள்.

பெயர்ச்சொற்களோடு நிற்காதீர்கள். ஊஞ்சலை நடுவில் நிறுத்திக் காத்திருங்கள். உடலை அசைத்தாலும் சரி, காலை உதைத்தாலும் சரி, "இன்னும்" என்று சொல்லி உடனே ஆட்டுங்கள். 'இன்னும்', 'போதும்', 'வேண்டாம்' மூன்றும் நாள் முழுக்கப் பயன்படும்.

கேள்வி: மகளுக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. படப் பலகை (படத்தைத் தொட்டு வேண்டியதைச் சொல்லும் பலகை) கொடுத்தால் பேசவே மாட்டாள் என்கிறார்களே?

பதில்: அந்தப் பயம் வேண்டாம், படப் பலகை பேச்சைத் தடுப்பதில்லை. ஆனால் அவளை மட்டும் தொடச் சொல்லாதீர்கள். நீங்கள் பேசும்போதும் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். புதுப் படங்களைக் காலி இடத்தில் சேருங்கள். பழையவற்றின் இடத்தை மாற்றினால், பழகிய விரல் தவறான படத்தில் போய் நிற்கும்.