நினைத்த டொமைன் பெயர் வேறொருவரிடம் இருந்தால்?

கேள்வி: புதிய நிறுவனத்துக்காக நாங்கள் தேர்ந்தெடுத்த பெயரில் டாட் காம் முகவரி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. திறந்து பார்த்தால் விளம்பர இணைப்புகள் மட்டுமே தெரிகின்றன. இன்னும் சில மாதங்களில் அதன் பதிவு காலாவதியாகிறது. காத்திருப்பதா, விலைக்குக் கேட்பதா, பெயரையே மாற்றுவதா?

பதில்: காத்திருக்கும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். காலாவதித் தேதி என்பது பெயர் கைமாறும் தேதி அல்ல. பெரும்பாலான உரிமையாளர்கள் தானாகவே புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பார்கள். அவர் மறந்தே போனாலும், டாட் காம் முகவரிகளுக்கு வழக்கம்போல் புதுப்பிக்க அதிகபட்சம் 45 நாள்கள் சலுகைக் காலமும், அதன் பின் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள்களும், நீக்கத்துக்கு முந்தைய 5 நாள்களும் கழிந்த பிறகே பெயர் பொதுவில் விடப்படும். பல பதிவு நிறுவனங்கள் அதுவரைகூட விடாமல், சலுகைக் காலத்திலேயே பெயரை ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. தப்பி வெளியே வரும் நல்ல பெயர்களைத் தானியங்கி மென்பொருள்கள் நொடிகளில் பிடித்துவிடும். வெளியே வரும் பெயரை உங்களுக்காகப் பிடிக்க முயலும் முன்பதிவுச் சேவை ஒன்றில் பெயரைக் கொடுத்து வைக்கலாம். ஆனால் அதை நம்பி நிறுவனத்தின் தொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

விளம்பரப் பக்கம் மட்டுமே இருக்கிறது என்றால், உரிமையாளர் விற்கக்கூடியவராக இருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய பெயரும் மின்னஞ்சலும் இப்போதெல்லாம் டொமைன்களின் பொதுப் பதிவேட்டில் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும் என்றாலும், பதிவு செய்த நிறுவனம் எது, எந்த ஆண்டு பதிவானது என்பவை தெரியும். அந்த நிறுவனத்தின் தொடர்புப் படிவம் வழியாக எழுதலாம். கடிதம் இரண்டு வரிகளில் முடியட்டும். உங்கள் கனவையும் முதலீட்டையும் விவரித்தால் விலைதான் ஏறும். பணம் கொடுக்குமுன், அந்த முகவரியில் முன்பு என்ன நடந்தது என்பதை, பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இணையக் காப்பகத்தில் பாருங்கள். குப்பை அஞ்சல் அனுப்பப் பயன்பட்ட பெயராக இருந்தால், உங்கள் அஞ்சல்களும் சந்தேகத்துக்கு உள்ளாகலாம். பெயர் உங்கள் கணக்குக்கு மாறிய பின்னரே பணத்தை விடுவிக்கும் எஸ்க்ரோ சேவை வழியாக மட்டுமே தொகையைச் செலுத்துங்கள்.

விலை கட்டுப்படியாகாவிட்டால், பெயரோடு ஒரு சொல்லைச் சேர்ப்பதே என் பரிந்துரை. ஃபேஸ்புக் முன்னால் ‘தி’ சேர்த்த முகவரியில்தான் தொடங்கியது. அந்தச் சொல் இல்லாத முகவரியை 2005-இல் 2 லட்சம் டாலருக்கு வாங்கியது. டெஸ்லாவோ 2016 வரை ‘மோட்டார்ஸ்’ சேர்ந்த முகவரியில்தான் இயங்கியது.

அதே பெயரை டாட் நெட், டாட் கோ போன்ற வேறு பின்னொட்டுடன் எடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பழக்கத்தால் டாட் காம் என்று தட்டச்சு செய்யும் வாடிக்கையாளரின் மின்னஞ்சல், விலைப்பட்டியலும் ஒப்பந்தமும் சகிதமாக அந்த முகவரியின் உரிமையாளருக்குப் போய்ச் சேரக்கூடும். அஞ்சல் திரும்பி வராவிட்டால், தவறு நடந்ததே இரு தரப்புக்கும் தெரியாது. பெயருக்கு நடுவே சிறு கோடு சேர்ப்பதிலும், எழுத்தை மாற்றி எழுதுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. தொலைபேசியில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியும் வரும். வேறு பின்னொட்டுதான் என்று முடிவு செய்தால், முதலாண்டுச் சலுகை விலையில் மயங்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பெயருக்கு வர்த்தகக் குறி வாங்கிவிட்டு, முகவரியைத் தரச்சொல்லிப் புகார் செய்ய முடியாதா?

பதில்: டொமைன் பெயர் முறையை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் ஏற்ற தகராறுத் தீர்வு விதிகள் இதற்காகவே இருக்கின்றன. ஆனால் மூன்றையும் நீங்கள் நிறுவ வேண்டும்: முகவரி உங்கள் வர்த்தகக் குறியைப் போலவே, அல்லது குழப்பம் தரும் அளவுக்கு ஒத்து இருக்கிறது, உரிமையாளருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிவு செய்து, அவ்வாறே பயன்படுத்துகிறார். உங்கள் குறி பிறக்கும் முன்பே பதிவான பெயரில், உங்களைக் குறிவைத்த தீய நோக்கம் இருந்தது என்று காட்டுவது ஏறக்குறைய இயலாது. உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தில் ஒரு நடுவர் விசாரிக்கும் புகாருக்கு 1,500 டாலர் கட்டணம்; வழக்கறிஞர் செலவு தனி. முகவரியைப் பறிக்கும் நோக்கில் வந்த புகார் என்று நடுவர் கருதினால், அதைத் தீர்ப்பிலேயே பதிவு செய்வார். புகாருக்கு ஆகும் தொகையை உரிமையாளரிடம் விலை பேசப் பயன்படுத்துங்கள்.