வாங்கில் பக்கத்தில் இருப்பவள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்திருக்கிறேன். ஐந்தும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. எழுதியவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போடவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டும்படி எதையாவது வெளியிடுவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் போட்டிருக்க மாட்டேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை, தாதி இல்லை, லோயரும் இல்லை. டிக்கோயா பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவள். மலையகத்து அரச வைத்தியசாலை ஒன்றில், பெண்கள் அமைப்பு ஒன்றின் சார்பில், பாதிக்கப்பட்டு வருகிறவர்களுக்குத் துணையாகப் பதினேழு வருடமாக இருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் அக்கா மகளுக்கு வயது 22. போன தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் தெரிந்தவன் ஒருவன் அவளைக் கெடுத்துவிட்டான். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அன்றைக்கே பீலியில் குளிக்கவைத்து, உடுப்பை அடுப்பில் போட்டு எரித்துவிட்டோம். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. பிள்ளை தூங்குவதில்லை. அந்த நம்பர் மலைக்கு வேலைக்குப் போகவும் மாட்டேன் என்கிறாள். எல்லாவற்றையும் நாங்களே அழித்துவிட்டோமா? – மஸ்கெலியாவிலிருந்து ஒரு சின்னம்மா

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லவேண்டும். "கெடுத்துவிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வாயில் பழகிய சொல்தான், என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் பிள்ளையின் காதில் அது எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள். பால் கெட்டது, சோறு கெட்டது என்று சொல்கிற அதே சொல். அவள் கெடவில்லை. அவன் அவளை வதைத்தான். வீட்டுக்குள் பேசும்போதாவது அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

குளிக்கவைத்தீர்கள், எரித்தீர்கள். அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான். உடம்பைக் கழுவி, கண்ணில் படுகிறதை இல்லாமல் ஆக்கி, பிள்ளையைத் தூங்கவைக்கப் பார்த்திருக்கிறீர்கள். அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். முறைப்பாட்டின் கதவும் மூடிவிடவில்லை. ஐந்து மாதம் கழித்தும் பொலிசில் முறைப்பாடு செய்யலாம். உடம்பில் காயமும் எதிர்த்த அடையாளமும் இருந்தே ஆகவேண்டும் என்று நம் சட்டம் கேட்பதில்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது அதை வெளிப்படையாகவே எழுதி வைத்தார்கள். அவள் வாயால் சொல்வதும் சாட்சிதான். அன்று அழுதுகொண்டு வந்ததை நீங்கள் பார்த்தீர்களே, அதுவும் சாட்சிதான்.

ஆனால் பொலிசுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவள் முடிவெடுக்கட்டும். 22 வயது. நீங்களும் வேண்டாம், அவள் அப்பாவும் வேண்டாம், தோட்டத்துத் தலைவரும் வேண்டாம்.

வைத்தியசாலைக்கு இப்போதும் போகவேண்டும். ஐந்து மாதத்துக்குப் பிறகு எதற்கு என்று கேட்பீர்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி என்கிற மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை முடிவை இந்த நேரத்தில் நம்பலாம். தொற்று இல்லை என்று தெரிந்தாலே பாதிப் பயம் போகும். இருந்தால் மருந்து உண்டு. அப்புறம் அந்தத் தூக்கம். தூக்கம் வராததும், ஒரு இடத்தைப் பார்த்தாலே உடம்பு நடுங்குவதும் பேய் பிடித்ததால் இல்லை, சோம்பலும் இல்லை. அடிபட்ட மனது தன்னைக் காத்துக்கொள்கிற விதம் அது. மனநலப் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு வேறு மலையில் பேர் போடச் சொல்லி கங்காணியிடம் கேளுங்கள், காரணம் சொல்லவேண்டியதில்லை. வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவ, பல அரச வைத்தியசாலைகளில் "மிதுரு பியச" என்று ஓர் அறை இருக்கிறது, தமிழில் நட்பு நிலையம். பலகையில் அவ்வளவுதான் எழுதியிருக்கும். உள்ளே போகிறவள் எதற்காகப் போகிறாள் என்று வராந்தாவில் நிற்பவருக்குத் தெரியாது.

"ஏன் கத்தவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். பயத்தில் உடம்பு கல்லாகிவிடும், குரல் வராது. என்னிடம் வந்தவர்களில் எத்தனையோ பேர் இதைத்தான் சொல்லி அழுதார்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு. நடந்து சில மணி நேரம்தான் ஆகிறது என்றால் குளிக்காமல் வாருங்கள். உடுப்பைத் துவைக்காமல் பேப்பரிலோ பருத்தித் துணியிலோ சுற்றிக் கொண்டு வாருங்கள். சொப்பிங் பேக்கில் போட்டால் ஈரம் தங்கி, தடயம் கெட்டுவிடும். குளித்தாயிற்று என்றாலும் வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடவேண்டும். கருத்தரிக்காமல் இருக்க மாத்திரை உண்டு. அதையும் 72 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, ஐந்து நாள் வரை பயன் இருக்கும், ஆனால் நேரம் போகப் போகக் குறையும். நம் நாட்டுச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடம் உண்டு, இப்படி நடந்த கருவுக்கும் விலக்கு இல்லை. அதனால்தான் அந்த மாத்திரையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சிகிச்சைக்குப் பொலிஸ் துண்டு தேவையில்லை. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பக்கத்து டிவிஷன் பையன் செய்த காரியம். கல்யாணம் பேசி முடித்துவிடலாம், இல்லாவிட்டால் ஒரு தொகை வாங்கித் தருகிறோம் என்று தோட்டத்தில் நாலு பேர் சொல்கிறார்கள். பிள்ளையின் எதிர்காலத்துக்கு எது நல்லது? – தலவாக்கலை பக்கத்திலிருந்து ஒரு தகப்பன்

பதில்: அண்ணன், இரண்டும் நடக்காது, நடக்கவும் கூடாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் சட்டத்தில் அது வல்லுறவுதான். பொதுச் சட்டப்படி 18க்கு முன் கல்யாணப் பதிவும் கிடையாது. இப்படிப்பட்ட வழக்கை நடத்துவது அரசாங்கம். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பணம் கைமாற்றி அதை முடிக்கும் அதிகாரம் எந்தத் தலைவருக்கும் இல்லை.

அந்த நாலு பேரும் தோட்டத்தின் மானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் மகள் அந்தப் பையன் வீட்டில் ஒவ்வொரு இரவும் எப்படிப் படுப்பாள் என்று அதில் ஒருவராவது பேசினாரா? 1929க்கு அழையுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், தமிழில் பேசலாம். அதற்கு முன்பே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனாலும் சரி. சின்னப் பிள்ளை என்றால் அவர்களே அறிவிப்பார்கள். யாராவது மிரட்டினால் அதையும் பொலிசில் எழுதிக்கொடுங்கள். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் மிரட்டுவது தனிக் குற்றம், 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. லோயருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

மகளிடம் இன்றைக்கே ஒன்று சொல்லுங்கள். அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை என்று. நீங்கள் கடிதம் எழுதியதைப் பார்த்தால் கோபம் இல்லை என்றுதான் எனக்குத் தெரிகிறது. ஆனால் அவளுக்கு அது தெரியாது.

கேள்வி: ஆண்களுக்கும் இந்த உதவி கிடைக்குமா? – கண்டி, வயது 20

பதில்: கிடைக்கும் தம்பி. அதே வைத்தியசாலை, அதே இரத்தப் பரிசோதனை, அதே 72 மணி நேரக் கணக்கு. வல்லுறவு என்ற பிரிவு பெண்ணுக்கு நடப்பதை மட்டும்தான் சொல்கிறது, அது சட்டத்தில் உள்ள குறை. ஆனால் கடுமையான பாலியல் துஷ்பிரயோகம் என்ற 365பி பிரிவு ஆணுக்கு நடந்தாலும் பொருந்தும். என் அறைக்கு வந்த ஆண்பிள்ளைகள் எல்லாருமே "எனக்கு இல்லை, என் நண்பனுக்கு" என்றுதான் தொடங்கினார்கள். நீங்கள் அப்படித் தொடங்கினாலும் பரவாயில்லை, வாருங்கள்.

கேள்வி: நான் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போட்டுவிட்டேன். – பொகவந்தலாவை

பதில்: இந்தக் கடிதம் வருடத்துக்கு ஒருதரமாவது வருகிறது, ஒவ்வொரு தரமும் வயிறு எரிகிறது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இனி வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்துப் போடவேண்டாம், தமிழ் தெரிந்த அதிகாரி வரும்வரை இருக்கிறேன் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்ததில் பிழை இருந்தால், மேலதிக வாக்குமூலம் கொடுக்கவேண்டும் என்று அதே நிலையத்தில் கேளுங்கள். தனியாகப் போகவேண்டாம். முதலில் 1938க்கு, பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு, அழைத்துப் பேசிவிட்டுப் போங்கள்.

கேள்வி: உயர்தரம் முடித்துவிட்டேன். உங்களைப் போல வேலை செய்ய ஆசை. துணை இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? – பண்டாரவளை, வயது 21

பதில்: மகள், பெரும்பாலான நேரம் வாங்கில் பக்கத்தில் இருப்பதுதான் வேலை. இருக்கத் தெரியவேண்டும். எனக்கு அது தெரியாமல் இருந்தது.

நான் சேர்ந்த முதல் வருடம். மழை நாள், இரவு எட்டு மணி இருக்கும். ஒரு பெண் வந்தாள், இரண்டு பிள்ளைகளின் தாய். பொலிசில் சொன்னால்தான் நல்லது, சொன்னால்தான் அவன் அடங்குவான் என்று நான் அவளிடம் மூன்று தரம் சொன்னேன். நல்லதைத்தான் சொல்கிறேன் என்று நினைப்பு. மூன்றாவது தரம் அவள் தலையாட்டினாள். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பவே இல்லை. மருந்து ஒன்றுகூட எடுக்கவில்லை. அவள் வீடு எதுவென்று எங்களுக்குத் தெரியாது. இன்னும் சில இரவுகளில் அந்த முகம் வரும்.

யோசித்துப் பார். அவளுடைய "வேண்டாம்" என்ற சொல்லை ஒருவன் மதிக்காமல் விட்டதால்தான் அவள் அங்கே வந்து நிற்கிறாள். நானும் அதையே செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் கேட்பது சின்னச் சின்னக் கேள்விகள்தான். தண்ணீர் வேண்டுமா? கதவைச் சாத்தவா, திறந்து வைக்கவா? யாரையாவது கூப்பிடவேண்டுமா, யாரும் வரக்கூடாதா? அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, தன் சொல்லுக்கு இங்கே மதிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறாள். பொலிஸ் என்ற பெரிய கேள்விக்கு அவளே வருவாள், வராமலும் போவாள்.

சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்கும்போது, அவள் விரும்பினால் நான் உள்ளே போவேன். அதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவேன். சம்மதம் கேட்பார்கள். எந்த இடத்திலும் "போதும்" என்று சொல்லலாம், ஒரு பகுதிக்குச் சம்மதித்து இன்னொரு பகுதியை மறுக்கலாம். பஞ்சு சுற்றிய குச்சியால் மாதிரி எடுப்பார்கள். "கன்னியா என்று பார்ப்பார்களாமே" என்று கேட்காத பெண் இல்லை. அப்படி ஒரு பரிசோதனைக்கு மருத்துவ அர்த்தமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லிவிட்டது. நான் நிற்பது எப்போதும் தலைமாட்டில். அவள் முகத்தைப் பார்த்தபடி நிற்பேன். கையைப் பிடிக்கவா என்று கேட்டுவிட்டுத்தான் பிடிப்பேன்.

மற்ற வேலை சண்டை பிடிப்பது. சத்தம் போடாத சண்டை. ஒருநாள் வெளிநோயாளர் பிரிவில், அத்தனை சனத்துக்கு முன்னால், "அந்த ரேப் கேஸ் எங்கே?" என்று ஒருவர் கத்தினார். அந்தப் பிள்ளை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றைக்கே பொறுப்பான தாதியிடம் போய் இருந்து பேசினேன், அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து இலக்கத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சின்ன மாற்றத்துக்கு எத்தனை பேர் நன்றி சொல்லவேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

தனியாகத் தொடங்காதே. பயிற்சி எடுக்கவேண்டும். கேட்டதை வீட்டிலும் சொல்லக்கூடாது, உன் அம்மாவிடமும்கூட. கேட்டது நெஞ்சில் கட்டிக்கொள்ளும், அதை இறக்கிவைக்க மூத்தவர் ஒருவர் வேண்டும். 1987 முதல் வேலை செய்யும் "விமன் இன் நீட்" போன்ற அமைப்புகளைக் கேட்டுப் பார். பக்கத்து வைத்தியசாலையின் நட்பு நிலையத்திலும் விசாரி. சிங்களமும் நன்றாகப் பேசப் பழகிக்கொள். நம் பெண்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்கும்போது ஒரு சொல் மாறினாலும் பாரதூரமாகிவிடும்.

என் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஒரு நைட்டி, உள்ளாடை, நெப்கின், சீப்பு, போன் சார்ஜர், பஸ் காசுக்குச் சில்லறை, இரண்டு சோடி ரப்பர் செருப்பு. செருப்பு முக்கியம். ஓடி வருகிறவர்கள் வெறுங்காலோடுதான் வருவார்கள், வார்ட்டுத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். உன் முகவரியைப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பு, அடுத்த பயிற்சி நடக்கும்போது எழுதுகிறேன். வரும்போது ஸ்வெட்டர் கொண்டு வா.