சர்ச்சை, சங்கீதம், ஒரு டின் பானம்

கேள்வி: ஹிப்-ஹாப் ஆல்பங்கள் விற்பது சர்ச்சையாலா, நல்ல இசையாலா? வழக்கம்போல் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லவும்.

பதில்: சர்ச்சை முதல் வாரத்தை விற்கும், இசை மீதியை விற்கும். நீங்கள் கேட்ட பதில் முடிந்தது. இனி சுற்றி வளைப்போம்.

'விற்பது' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எதை விற்பனை என்பது என்பதில்தான் வில்லங்கமே. 2019 மே மாதம் டிஜே காலிதின் 'ஃபாதர் ஆஃப் ஆசாத்', டைலர் தி கிரியேட்டரின் 'இகோர்' இரண்டும் ஒரே நாளில் வந்தன. காலித் தரப்பு எனர்ஜி டிரிங்கோடு ஆல்பத்தையும் சேர்த்துக் கட்டி விற்றது. அமெரிக்காவின் விற்பனைப் பட்டியல் போடும் பில்போர்டு பத்திரிகை அதில் பெரும்பகுதியை எண்ண மறுத்தது. 'இகோர்' முதலிடம், காலித் இரண்டாமிடம். அந்த டின்களை விற்றது சர்ச்சையா, இசையா? காஃபின், ஐயா, காஃபின்! குடித்தவர் தூக்கம் வராமல் மொத்த ஆல்பத்தையும் விடிய விடியக் கேட்டிருப்பார், அதனால் இரண்டாகவே எண்ணுங்கள் என்று ஒரு வக்கீல் வாதாடியிருக்கலாம். ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

காலித் மட்டும் செய்த காரியமில்லை இது. டி-ஷர்ட், தொப்பி, கச்சேரி டிக்கெட் எல்லாவற்றின் முதுகிலும் ஆல்பத்தை ஏற்றி அனுப்பிய காலம் அது. 2020 அக்டோபரில்தான் பில்போர்டு கதவைச் சாத்தியது: ஆல்பம் வேண்டும் என்று வாங்குபவர் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் கணக்கு. ஆகவே அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் 'முதல் வாரச் சாதனை'யை யாராவது வீசினால், அதில் எத்தனை டி-ஷர்ட் என்று கேளுங்கள்.

சர்ச்சைக்கு வருவோம். அதைச் சோதிக்க வேண்டுமென்றால் சண்டை இரு பக்கத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும். 2007 செப்டம்பர் 11 அப்படி வாய்த்தது. ராப்பர்கள் கான்யே வெஸ்டும் 50 சென்ட்டும் ஒரே நாளில் ஆல்பம் விட்டு மோதினார்கள். தோற்றால் இனி தனி ஆல்பமே இல்லை என்றார் 50 சென்ட். அமெரிக்காவில் முதல் வாரம் கான்யேயின் 'கிராஜுவேஷன்' 9 லட்சத்து 57 ஆயிரம், 50 சென்ட்டின் 'கர்டிஸ்' 6 லட்சத்து 91 ஆயிரம். இருவரையும் கடைக்கு இழுத்து வந்தது சர்ச்சை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவிலுள்ள 2 லட்சத்து 66 ஆயிரத்தை அதன் தலையில் கட்ட முடியாது. அதே மாதம் 'கிராஜுவேஷனி'ன் 'ஸ்ட்ராங்கர்' பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 'கர்டிஸ்' பாட்டு ஒன்றுகூட அந்த இடத்தைத் தொடவில்லை. (50 சென்ட்டின் அடுத்த தனி ஆல்பம் 2009-இல் வந்தது. சபதம் என்றால் அப்படித்தான்.)

2018-இல் நடந்தது இன்னும் ருசிகரம். மே இறுதியில் ராப்பர் புஷா டி, சக ராப்பர் டிரேக்கை ஒரு வசைப் பாட்டில் கிழித்துத் தோரணம் கட்டினார். சண்டையில் வென்றவர் புஷாதான் என்று ஊரே தீர்ப்பு எழுதியது. விற்பனையில்? புஷாவின் 'டேடோனா' முதல் வாரம் 77 ஆயிரம் யூனிட் (ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமானது ஒரு யூனிட்). ஒரு மாதம் கழித்து வந்த டிரேக்கின் 'ஸ்கார்பியன்' 7 லட்சத்து 32 ஆயிரம். அதில் ஆல்பமாகவே விற்றது சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி ஸ்ட்ரீமிங்.

ஸ்ட்ரீமிங்கை அப்போது எண்ணிய விதத்தைப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலையில் அமலான விதிப்படி, கட்டணச் சந்தாதாரர்கள் பாட்டுகளை 1,250 முறை கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதாகப் பொருளாக இருந்தது. இலவசக் கணக்கென்றால் 3,750 முறை. 'ஸ்கார்பியன்' 25 பாட்டு. முதலிலிருந்து கடைசிவரை 50 தடவை ஓடினால் ஒரு யூனிட் தேறியது. 'டேடோனா' 7 பாட்டு. அதே ஒரு யூனிட்டுக்கு 179 தடவை ஓட வேண்டியிருந்தது. ராப் ஆல்பங்கள் ஏன் அனுமார் வால்போல நீண்டன என்று தனியாக ஆராய்ச்சி வேண்டாம். செதுக்கிச் செதுக்கி 7 பாட்டில் நிறுத்தியவருக்கு அந்தக் கணக்கு போட்ட அபராதம் இது. எனக்கு 'டேடோனா'தான் உசத்தி. ஆனால் என் ரசனையை யாரும் யூனிட்டில் எண்ணப்போவதில்லை.

'நல்ல இசை தானே விற்கும்' என்று நெஞ்சை நிமிர்த்துபவர்களும் கொஞ்சம் உட்காருங்கள். நாஸின் 'இல்மேட்டிக்' 1994-இல் வந்தபோது 'தி சோர்ஸ்' என்ற ஹிப்-ஹாப் பத்திரிகை ஐந்துக்கு ஐந்து மைக் (அதன் மதிப்பெண்) கொடுத்தது. பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் கைக்கு வர 2001 ஆனது. மறுபக்கம் 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு: அவர்களின் 'ஆஸ் நாஸ்டி ஆஸ் தே வானா பி' ஆல்பத்தை 1990-இல் புளோரிடாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி ஆபாசம் என்று தீர்ப்பெழுத, அந்த ஆல்பம் 20 லட்சத்தைத் தாண்டியது. தீர்ப்பு 1992-இல் ரத்தானது. அதன்பின் வந்த ஆல்பம் எதுவும் அந்த உயரத்தைத் தொடவில்லை. எல்லா ஆல்பத்துக்கும் ஒரு நீதிபதி கிடைப்பாரா?

இனி யாராவது விற்பனை எண் காட்டினால் இரண்டாவது வாரத்தையும் கேட்டு வாங்குங்கள். பாதியாகக் குறைவது சகஜம். முக்கால்வாசி கரைந்தால், கூட்டம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.

பிளாட்டினம் சான்றிதழைக் காட்டினால் இன்னும் உஷார். 100 நிமிடத்துக்கு மேல் ஓடும் இரட்டை ஆல்பத்தின் ஒரு பிரதியை இரண்டாக எண்ணுவது அமெரிக்க ஒலிப்பதிவுச் சங்கத்தின் வழக்கம். அவுட்காஸ்ட், டூபாக்கின் இரட்டை ஆல்பங்களுக்கு, ஒரு கோடிக்கான வைரச் சான்றிதழ் வந்த வழியும் இதுதான். இதை இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியபோது டூபாக் ரசிகர் ஒருவர் திட்டிக் கடிதம் போட்டார். படித்து முடிக்க வெகுநேரம் ஆனதால், இரண்டு கடிதமாகப் பதிவு செய்துகொண்டேன்.