ஹவாய் பேக்கரியில் என்ன வாங்குவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஹொனலுலுவில் படிக்கிறான். அடுத்த மாதம் நானும் கணவரும் அங்கே போகிறோம். அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன பேக்கரி இருக்கிறதாம், ஹவாய்ப் பலகாரங்கள் மட்டும்தான் போடுவார்களாம். மலசாடா, ஹௌபியா, பட்டர் மோச்சி, கொய்யா கேக் என்று பெயர்ப் பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அங்கே எதை வாங்க வேண்டும்? ஊருக்கு எதைக் கொண்டுவரலாம்? கணவர் முட்டை சாப்பிட மாட்டார்.

ஆசைப்பட்டு, ஈஸ்ட் மாவைப் பொரித்துச் சர்க்கரையில் புரட்டும் மலசாடாவை வீட்டிலேயே செய்து பார்த்தேன். எவாப்பரேட்டட் மில்க் கிடைக்காததால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினேன். மாவு கையில் ஒட்டியதால் மைதாவைக் கூட்டினேன். வெளியே கருத்துவிட்டது, உள்ளே வேகவே இல்லை. அரிசி மாவு கேக்கான பட்டர் மோச்சியை இடியாப்ப மாவில் செய்தேன், உதிர்ந்துபோயிற்று. தவறு எங்கே?

கே., மதுரை

அன்புள்ள கே.,

எந்தப் பண்டம் பேர்பெற்றது என்பதைவிட, வாங்கியதை எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்பதுதான் அந்தக் கடையில் முக்கியம். சில பலகாரங்களுக்கு எண்ணெயிலிருந்து எடுத்த முதல் கால் மணி நேரம்தான் உயிர். சிலவற்றைக் குளிரவைத்தே சாப்பிட வேண்டும். சில மறுநாளும் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மாலையில் திறந்தால் பாதி வீணாகியிருக்கும்.

முதலில் மலசாடா. 1878 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக மதீராத் தீவிலிருந்தும் பிறகு அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் வந்த போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தது இது. தவக்காலம் தொடங்கும் முன் வீட்டில் இருக்கும் கொழுப்பையும் சர்க்கரையையும் தீர்த்துவிடச் செய்த பண்டம். சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயை ஹவாயில் இன்றும் மலசாடா நாள் என்கிறார்கள். உங்கள் பயணத்தில் அந்தச் செவ்வாய் வந்தால் காலையிலேயே வரிசை நீளும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஹொனலுலுவின் கப்பஹுலு அவென்யூவில் இருக்கும், 1952-இல் தொடங்கிய லெனர்ட்ஸ் பேக்கரிதான் இதைப் பேர்பெற்ற கடைப் பண்டமாக்கியது.

நல்ல மலசாடாவுக்கு நடுவில் ஓட்டை கிடையாது. மேல்தோல் மெல்லியதாக இருக்கும். பிய்த்தால் உள்ளே ஈரப்பதத்தோடு இழை இழையாக வரும். கடையில் "இப்போது பொரித்ததா?" என்று தயங்காமல் கேளுங்கள். பல கடைகளில் கேட்ட பிறகுதான் பொரிக்கிறார்கள், ஐந்து பத்து நிமிடம் நிற்பதில் நட்டமில்லை. முதலில் வெறும் சர்க்கரை தோய்த்ததை வாங்குங்கள். மாவு நன்றாக இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். கஸ்டர்டு, ஹௌபியா என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு, டோபாஷ் என்கிற சாக்லேட் எல்லாம் உள்ளே நிரப்பியதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். லி ஹிங் என்று எழுதியிருந்தால் அது உப்பிட்டு உலர்த்திய பிளம் பழத்தின் பொடி தூவியது. புளிப்பும் உப்பும் இனிப்பும் சேர்ந்திருக்கும், நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். பெட்டியை மூடாதீர்கள். உள்ளிருந்து வரும் ஆவி சர்க்கரையைக் கரைத்துப் பாகாக்கிவிடும், தோலும் தொய்ந்துபோகும். ஓர் ஆளுக்கு இரண்டுக்கு மேல் வாங்க வேண்டாம்.

இனி உங்கள் சமையலறைக்கு வருகிறேன். கருகியதற்குக் காரணம் கண்டென்ஸ்டு மில்க். எவாப்பரேட்டட் மில்க் என்பது சர்க்கரை சேர்க்காமல் வற்றவைத்த பால். கண்டென்ஸ்டு மில்க்கில் கிட்டத்தட்ட பாதி எடை சர்க்கரை. 120 மில்லி ஊற்றினால் 70 கிராம் சர்க்கரை கூடுதலாகச் சேர்ந்துவிடும். சர்க்கரை மிகுந்தால் ஈஸ்ட் மந்தமாகும், மாவு உப்பாது, எண்ணெயில் போட்ட ஒரு நிமிடத்தில் தோல் கருக்கும். போதாததற்கு மைதாவையும் கூட்டிவிட்டீர்கள். உப்பாத, கெட்டியான மாவுருண்டையின் நடுவுக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் வெளியே தீய்ந்துவிட்டது. அந்த மாவு கையில் ஒட்டத்தான் வேண்டும். ஒட்டாத மாவில் மலசாடா வராது, பன்தான் வரும்.

பதினான்கு மலசாடாவுக்கு இந்த அளவு சரியாக வரும்: மைதா 400 கிராம், சர்க்கரை 50, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5, உப்பு 4, உருக்கிய வெண்ணெய் 30 கிராம், முட்டை 3, வற்றவைத்த பால் 120 மில்லி, வெதுவெதுப்பான நீர் 120 மில்லி. 300 மில்லி பாலை அடிபிடிக்காமல் கிளறி 120 மில்லியாக வற்றவைத்து ஆறவிட்டால் டின் பால் தேவையே இல்லை. நம்மூர் மைதா நீரைக் குறைவாகவே பிடிக்கும். எனவே நீரில் 30 மில்லியை எடுத்துவைத்துவிட்டு, பிசையப் பிசையப் பார்த்து ஊற்றுங்கள். கையாலோ மரக்கரண்டியாலோ பத்து நிமிடம் அடித்துப் பிசைய வேண்டும். மாவு பாத்திரத்தின் ஓரத்தை விட்டு ஜவ்வாக இழுபட்டு வரும் பதம் போதும்.

மதுரை வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே இருமடங்காகிவிடும். அதைவிட, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு இரவு முழுக்கப் பிரிட்ஜில் வைப்பது நல்லது. மணமும் கூடும், குளிர்ந்த மாவைக் கையாள்வதும் எளிது. காலையில் விரல்களில் எண்ணெய் தொட்டு 60 கிராம் அளவுக்குப் பிய்த்து, சற்றே தட்டி, எண்ணெய் தடவிய பட்டர் பேப்பர் துண்டுகளில் தனித்தனியாக வையுங்கள். மறுபடி உப்ப வேண்டும். விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி எழுந்து வருவதுதான் பொரிக்கும் நேரம். பள்ளம் உடனே எழுந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். எழவே இல்லையென்றால் நேரம் தாண்டிவிட்டது, அது எண்ணெயில் சுருங்கி எண்ணெய் குடிக்கும். பேப்பரோடு எண்ணெயில் இறக்கி, அது கழன்றதும் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். கையால் தூக்கிப் போட்டால் உப்பிய காற்றெல்லாம் போய்விடும்.

எண்ணெய் 175 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். 165-க்குக் கீழே இறங்கினால் எண்ணெய் உள்ளே ஏறும், 190-ஐ நெருங்கினால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த மாவில் முட்டையும் பாலும் இருப்பதால் சீக்கிரம் சிவக்கும், நிறத்தை நம்பிச் சூட்டைக் கணிக்க முடியாது. ஒரு நேரத்தில் மூன்று நான்குக்கு மேல் போடாதீர்கள். ஒரு பக்கம் இரண்டு நிமிடம், மறுபக்கம் இரண்டு நிமிடம். எடுத்து ஒரு நிமிடம் வடியவிட்டுச் சர்க்கரையில் புரட்டுங்கள். உடனே புரட்டினால் சர்க்கரை கரையும், ஆறிவிட்டால் ஒட்டாது.

உங்கள் கணவருக்கு மலசாடா, கொய்யா ஷிஃபான் கேக், பட்டர் மோச்சி, இனிப்பு ரொட்டி எதுவும் ஆகாது, எல்லாவற்றிலும் முட்டை உண்டு. கேக்கின் மேல் தடவும் சாண்டிலியிலும் ஹவாயில் முட்டை மஞ்சள்கருதான் இருக்கும். வெண்ணெய், பால், மஞ்சள்கரு சேர்த்துக் காய்ச்சுவது அது, பிரெஞ்சுக்காரர்களின் அடித்த கிரீம் அல்ல. அவருக்குரியது ஹௌபியா. தேங்காய்ப்பால், சர்க்கரை, சோளமாவு மூன்றும்தான். சதுரத் துண்டுகளாக, சில்லென்று தருவார்கள். சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் குலோலோ இருந்தால் விடவே விடாதீர்கள். சில கடைகளில் பயற்றுப் பூரணம் வைத்த ஜப்பானிய மோச்சியும் இருக்கும். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே வாங்குங்கள்.

ஹௌபியா வீட்டிலும் நன்றாக வரும். கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, நீர் 200 மில்லி, சர்க்கரை 75 கிராம், சோளமாவு 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. மாவை நீரில் முழுக்கக் கரைத்த பிறகே பாலில் சேர்க்க வேண்டும். மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். கெட்டியான பிறகும் இரண்டு நிமிடம் வெந்தால்தான் பச்சை மாவு வாடை போகும். தீயைக் கூட்டினால் தேங்காய் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். நான்கு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து வெட்டலாம். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உருகும்போது நீர் பிரிந்து ஓடும்.

பட்டர் மோச்சி உதிர்ந்ததற்கு அரிசிதான் காரணம், உங்கள் கைப்பக்குவம் அல்ல. ஹவாயில் அதற்கு எடுப்பது மோச்சிகோ, அதாவது ஒட்டும் அரிசி மாவு. மலேசியாவில் புலூட் என்கிற அரிசி அது. அதன் மாவுச்சத்து ஏறக்குறைய முழுதும் அமைலோபெக்டின் என்கிற ஒட்டும் வகை, அதனால்தான் இழுபடும். இடியாப்ப அரிசியில் அமைலோஸ் என்கிற ஒட்டாத வகை அதிகம், ஆறினதும் இறுகி உடையும். எவ்வளவு வெண்ணெய் ஊற்றினாலும் அது மோச்சி ஆகாது. மகனிடம் சொல்லி 454 கிராம் மோச்சிகோ பெட்டி இரண்டு வாங்கிவரச் சொல்லுங்கள், ஒரு பெட்டி ஒரு பெரிய தட்டுக்குக் கணக்கு. கடையில் வாங்கும் பட்டர் மோச்சியையும் பிரிட்ஜில் வைக்க வேண்டாம், கல்லாகிவிடும். மூடி வெளியிலேயே வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும்.

ஊருக்குக் கொண்டுவர இனிப்பு ரொட்டிதான் சரி. இதுவும் போர்ச்சுகீசியர் வழி வந்ததே. முட்டையும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்வதால் நன்றாகச் சுற்றி வைத்தால் மூன்று நான்கு நாள் மென்மையாக இருக்கும். அமெரிக்கா முழுக்க இன்று விற்கும் கிங்ஸ் ஹவாயன் ரொட்டி 1950-இல் ஹவாயின் ஹீலோ ஊரில் ஒரு சிறிய பேக்கரியில் தொடங்கியதுதான். ஆனால் உங்கள் மகன் சொல்லும் கடையில் அன்று சுட்டதை முழு ரொட்டியாக, துண்டு போடாமல் வாங்குங்கள். ஹொனலுலுவிலிருந்து அமெரிக்கப் பெருநிலம் வழியாகத் திரும்பினால் விமான நிலையத்தில் வேளாண் சோதனை உண்டு. சுட்ட பண்டங்களைத் தடுக்க மாட்டார்கள். கொய்யா, லிலிகோய் என்கிற பேஷன் ஃப்ரூட் போன்ற பழங்களை மட்டும் பையில் வைக்காதீர்கள்.