மாதச் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் கிடையாதா?

தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைத்துவிட்டு ஓவர்டைம் கேட்டால், "நீங்கள் மாதச் சம்பளக்காரர், அதுவும் மேலாளர் நிலை" என்று அனுப்பிவிடுகிறார்கள், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே பதிலை நம்பி மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். என் அடையாள அட்டையில் 'துணை மேலாளர்' என்றிருந்தது. எனக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. இரவு வரை பில்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. யாரை மேலாண்மை செய்தேன் என்பது இன்றும் எனக்குப் புதிர்தான்.

மாதச் சம்பளம் என்பது பணம் கொடுக்கும் முறை. அதனால் மட்டும் ஓவர்டைம் உரிமை போய்விடாது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் தொழிற்சாலைகளுக்கும், 1930இல் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வகுத்தது. கூடுதல் நேரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு ஊதியம் என்றது. இந்தியத் தொழிலாளர் சட்டம் இரு மடங்கு என்கிறது. அமெரிக்காவில் வாரம் 40 மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு.

சிக்கல் விதிவிலக்கில் இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை ஓவர்டைம் உரிமையிலிருந்து விலக்கிவைக்க இந்தச் சட்டங்கள் இடம் தருகின்றன. வெறும் பதவிப் பெயர்கள் அந்தச் சந்தில்தான் நுழைகின்றன. ஆனால் அமெரிக்க விதிப்படி பதவிப் பெயர் மட்டும் செல்லாது. நிர்வாகி என்று ஒருவரை விலக்க வேண்டுமானால், சம்பள வரம்பு போன்ற நிபந்தனைகளோடு, அவர் குறைந்தது இரண்டு முழுநேர ஊழியர்களுக்காவது வேலை சொல்பவராக இருக்க வேண்டும். ஆட்களை எடுப்பதிலும் நீக்குவதிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டத்தின் வாசகம் வேறாக இருக்கலாம். ஆனாலும் முதலில் அங்கே தேட வேண்டியது இந்த விதிவிலக்கைத்தான். பணி நியமனக் கடிதத்தில் வேலை நேரம் என்ன போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

அடுத்தது கணக்கு. ஊழியரின் தினசரி வேலை நேரத்தை அளக்கும் ஏற்பாடு நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. எல்லா ஊரிலும் அந்த நல்ல காலம் இல்லை. நான் ஒரு சிறு நோட்டில் வந்த நேரம், போன நேரம், யார் இருக்கச் சொன்னார் என்று எழுதத் தொடங்கினேன். ஏழு மாதக் குறிப்போடு போனபோது, அந்த ஏழு மாதத்துக்கு மாற்று விடுப்பு கிடைத்தது. அதற்கு முந்தையது போனது போனதுதான். என்னிடம் எழுத்து எதுவும் இல்லை.

நீங்கள் நோட்டோடு நிற்காதீர்கள். இருக்கச் சொன்ன அன்றே, "இன்று எட்டரை வரை இருக்கச் சொன்னீர்கள், இருந்து முடித்துவிட்டேன்" என்று மேலதிகாரிக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.