வெளியே வரும்போது கார்டைக் காட்ட மறந்துவிட்டேன்!

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை மெஜஸ்டிக் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கியபோது ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை. முன்னால் போனவர் கார்டைக் காட்டியதும் அகலமான கேட் திறந்தது. அவர் பின்னாலேயே நானும் வந்துவிட்டேன், என் கார்டைக் காட்டவில்லை. புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பினால் கேட் திறக்கவே இல்லை. கவுன்ட்டரில் கார்டை வாங்கிப் பார்த்து, பணம் பிடித்துக்கொண்டு சரிசெய்து கொடுத்தார்கள். வரிசையில் எல்லோரும் பார்க்க, டிக்கெட் எடுக்காமல் வந்தவள் மாதிரி நின்றேன். மறந்ததற்கு இப்படி அபராதம் போடலாமா?

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோடு வருகிற யாருக்கும் இது நடக்கும். உங்களைத் திருடியாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிடித்த பணம் முழுவதும் அபராதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மெட்ரோவில் உள்ளே போகும்போது காசு போவதில்லை. எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள் என்பது மட்டும் கார்டின் சிப்பில் பதிவாகும். வெளியே வரும்போதுதான் தூரத்தைக் கணக்கிட்டுக் கட்டணத்தைக் கழிப்பார்கள். 2025 பிப்ரவரியில் கட்டணம் உயர்ந்தபோது உச்சக் கட்டணம் 90 ரூபாய் ஆனது. நுழைவதற்கு கார்டில் 90 ரூபாயாவது இருக்க வேண்டும் என்று அப்போது சொன்னதும் இதனால்தான்: நீங்கள் எந்தக் கோடிக்குப் போய் இறங்கினாலும் கழிக்கப் பணம் இருக்க வேண்டுமே. ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு நீங்கள் இன்னும் காசு கொடுத்திருக்கவில்லை. கார்டைப் பொறுத்தவரை நீங்கள் புதன்கிழமை வரை உள்ளேயே இருந்தீர்கள்! ஏற்கெனவே உள்ளே இருப்பவரை மறுபடி எப்படி உள்ளே விடுவது என்றுதான் கேட் மறுத்தது.

லண்டனில் வெளியேறும்போது கார்டைக் காட்டாவிட்டால் தானாகவே உச்சக் கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இங்கே கார்டு அப்படியே முடங்கி நிற்கும், கவுன்ட்டரில் ஒரு மனிதர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அலைச்சல்தான். ஆனாலும் எனக்கு இதுவே மேலாகப் படுகிறது, நடந்ததைச் சொல்ல ஒரு வாய்ப்பாவது கிடைக்கிறதே.

அந்த வாய்ப்பை நீங்கள் முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் வருத்தம். எந்தப் பயணத்துக்கு எவ்வளவு, அதற்கு மேல் ஏதாவது பிடித்தார்களா, பிடித்திருந்தால் எந்த விதிப்படி என்று தயங்காமல் கேளுங்கள், ரசீதும் வாங்குங்கள். ஞாயிறு முழுவதும் ஸ்மார்ட் கார்டுக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. அன்றைய கட்டணத்தில் அது கழிந்ததா என்றும் கேட்கலாம். அதே சமயம் 2002ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் சட்டத்தில், 69ஆவது பிரிவின்படி, முறையான டிக்கெட் இல்லாமல் பயணிப்பவரிடம் கட்டணத்தோடு கூடுதல் தொகையும் வசூலிக்க இடம் இருக்கிறது. அதனால்தான் ஒளிக்காமல் முதலிலேயே நாமாகப் போய்ச் சொல்வது நல்லது.

இனி இப்படி ஆனால், ஸ்டேஷனை விட்டுப் படியிறங்குவதற்குள் நினைவு வந்துவிட்டால் அங்கேயே கவுன்ட்டருக்குத் திரும்பிப் போங்கள். “எக்ஸிட் ஆகில்லா” (வெளியேறியது பதிவாகவில்லை) என்று இரண்டு வார்த்தை கன்னடத்தில் சொன்னால் போதும். நாள் கடந்து, வேறொரு ஸ்டேஷனில், காலை நெரிசலில் விளக்குவதுதான் கஷ்டம்.

மறக்காமலே மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. பர்ஸோடு அப்படியே கேட்டில் வைப்பார்கள். உள்ளே மெட்ரோ கார்டும் இருக்கும், மெட்ரோ கேட்டிலும் காட்டக்கூடிய, நேஷனல் காமன் மொபிலிட்டி வசதியுள்ள வங்கி கார்டும் இருக்கும். போகும்போது ஒன்றைப் படித்த கேட் வரும்போது மற்றதைப் படித்தால் இரண்டு கார்டின் கணக்குமே இடிக்கும். இதற்கு வங்கியைக் கூப்பிட்டுப் பயனில்லை. கேட் பார்ப்பது உங்கள் வங்கிக் கணக்கை அல்ல, கார்டின் சிப்பில் இருக்கும் பதிவையும் பணத்தையும்தான். கார்டைத் தனியே எடுத்துக் காட்டுங்கள், திரையில் பச்சை தெரிந்த பிறகு காலடி வையுங்கள். ஒரே கார்டில் இருவர் போகவும் முடியாது. குழந்தை வளர்ந்து டிக்கெட் தேவைப்படும்போது அதற்குத் தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மெட்ரோ கார்டுக்கு ஒரு செயலியில் யுபிஐ மூலம் 500 ரூபாய் போட்டேன். வங்கியில் பணம் போய்விட்டது, கார்டில் ஏறவில்லை. யாரைக் கேட்பது?

பதில்: செயலியில் ரீசார்ஜ் வெற்றி என்று இருந்தால் பணம் எங்கும் போகவில்லை. கார்டை மெட்ரோவின் கருவியில் ஒருமுறை வைத்தால்தான் தொகை சிப்பில் ஏறும். தோல்வி என்றோ நிலுவை என்றோ இருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி 5 நாட்களுக்குள் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பரிவர்த்தனை எண்ணோடு வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எழுதத் தயக்கமாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.